மனு கொடுத்துவிட்டால் போதுமா? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வடசென்னையில் மனு எழுதாத தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டம். எழுதியவற்றில் நிறைய மனுக்கள் "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோகின்றன. அதிகாரியின் மனம் இளக வேண்டும் என்று நினைத்து எழுதுவதுதான் பெரும்பாலும் கோளாறு. மனுவின் வேலை ஒரு கோப்பைத் திறப்பது, பிறகு அந்தக் கோப்பைச் சும்மா மூட முடியாதபடி செய்வது. கீழே வருவதெல்லாம் இதற்கான வழிகள்தான்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் எல்லோருக்கும் பழக்கமான ஒரு பிரச்சினையை வைத்துக்கொள்வோம்: குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்து வருகிறது.

முதலில், இது யார் வேலை?

தவறான அலுவலகத்துக்குப் போன மனு திரும்பி வருவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. பாதாளச் சாக்கடையும் குடிநீரும் மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. தெருவில் தேங்கி நிற்கும் கறுப்புத் தண்ணீர் எதிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் எழுதினால், இவர்கள் அவர்களைக் கைகாட்டுவார்கள், அவர்கள் இவர்களைக் கைகாட்டுவார்கள். மேன்ஹோல் பொங்குகிறதா, வடிகால் மூடிக்குள்ளிருந்து வருகிறதா என்று மூடியோடு சேர்த்துப் படம் எடுத்தாலே பாதிக் குழப்பம் தீரும். சில தெருக்களில் வீட்டுக் கழிவுநீர் இணைப்பையே திருட்டுத்தனமாக வடிகாலில் விட்டிருப்பார்கள். அப்போது இரண்டு துறைக்கும் தனித்தனி மனு. ஒவ்வொன்றிலும் மற்றதன் நகல் அனுப்பப்பட்டதைக் குறிப்பிடுங்கள்.

சாலையிலும் இதே கதை. உட்புறச் சாலை என்றால் மண்டல அலுவலகம். பஸ் போகும் சாலை என்றால் மாநகராட்சியின் பேருந்து தடச் சாலைகள் துறை, அது ரிப்பன் மாளிகையில் இருக்கிறது. பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை. தெருவிளக்கு மாநகராட்சி, பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி) மின்வாரியம். பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறை. வாரியக் குடியிருப்பின் படிக்கட்டு இடிந்தால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-ல் பெயர் மாறியது அதுதான்.

எல்லையும் காலை வாரும். திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் ஆகியவை தனி நகராட்சிகளாக இருந்து 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தவை. 2018-ல் சென்னை மாவட்டமும் விரிந்தது. பழைய ரசீதில் உள்ள வார்டு எண்ணை நம்பி எழுதாதீர்கள். இப்போதைய கணக்கில் மண்டலம் 1 திருவொற்றியூர் (வார்டு 1-14), 2 மணலி (15-21), 3 மாதவரம் (22-33), 4 தண்டையார்பேட்டை (34-48), 5 ராயபுரம் (49-63), 6 திரு.வி.க. நகர் (64-78). வடசென்னை அனல்மின் நிலையம் பெயரில்தான் சென்னை. அது நிற்கும் அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். சாம்பல் குழாய் உடைந்தால் சென்னை ஆட்சியருக்கு எழுதிப் பயனில்லை. காவல் நிலையங்களிலும் வடக்கு ஓரத்தில் இருக்கும் சில, ஆவடி ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. நிலையத்து வாசல் பலகையைப் பார்த்துவிட்டு ஆணையருக்கு எழுதுங்கள்.

நம் உதாரணத்துக்கு முதல் முகவரி மெட்ரோ வாட்டரின் டெப்போ (வார்டு அளவிலான அலுவலகம்) பொறியாளர், அவருக்கு மேல் பகுதிப் பொறியாளர்.

புகார் எண் முதல் நாளிலேயே வேண்டும்

மனு எழுதும் முன் போன் புகார். மெட்ரோ வாட்டருக்கு 1916 அல்லது 044-4567 4567. மாநகராட்சிக்கு 1913 (ரிப்பன் மாளிகை கட்டி முடித்த ஆண்டும் அதுவே, மறக்காது). மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. எந்தத் துறை என்று புரியாவிட்டால் முதலமைச்சர் உதவி எண் 1100. புகார் எண்ணை எழுதி வைக்காமல் போனை வைக்காதீர்கள். நான்கைந்து வீடுகளிலிருந்து தனித்தனியாகப் புகார் போனால், "ஒரு வீட்டின் உள்குழாய்க் கோளாறு" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

சரிசெய்யாமலே "தீர்வு காணப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும். அதை அழித்துவிடாதீர்கள். அது வந்த நாளில் குழாயில் வந்த தண்ணீரைத் தேதியோடு படமெடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பொய்யாக மூடிய ஒரு புகார், சரியாகத் திறந்திருக்கும் பத்து புகார்களைவிட மேல்முறையீட்டில் பலமாகப் பேசும்.

ஆதாரம்

"பல மாதங்களாக" என்ற சொல்லுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பு கிடையாது. ஒரு நோட்டில் இரண்டு வாரத்துக்குக் கட்டம் போடுங்கள்: தேதி, தண்ணீர் விட்ட நேரம், நின்ற நேரம், நிறம், நாற்றம், எத்தனை நிமிடத்துக்குப் பிறகு தெளிந்தது, கதவு எண். கடைசி விஷயம்தான் முக்கியம். தெருவில் எந்த வீட்டிலிருந்து நாற்றம் தொடங்குகிறது என்று தெரிந்தால் குழாய் உடைந்த இடம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். தண்ணீர் விட்டதும் முதல் சில நிமிடம் மட்டும் கறுப்பாக வந்து பிறகு தெளிந்தால், அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே போகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். முழு நேரமும் கலங்கி வந்தால் வேறு காரணத்தையும் தேட வேண்டும்.

படத்தில் தேதியும் இடமும் பதியும் ஜிபிஎஸ் கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் தகவல் போய்விடும். அசல் கோப்பு எடுத்தவரின் போனிலேயே இருக்கட்டும்.

தண்ணீரைச் சோதிக்கக் கொடுப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்த தண்ணீரின் முடிவுக்கு மதிப்பில்லை. கிருமிச் சோதனை என்றால் ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். அதற்குள் குளோரினை முறிக்கும் பொருள் போட்டிருப்பார்கள், ஆகவே பாட்டிலைக் கழுவக் கூடாது. சம்ப்பிலோ மேல்தொட்டியிலோ பிடிக்காமல் தெருக்குழாயில் நேரடியாகப் பிடியுங்கள். ஐஸ் வைத்து அன்றே ஒப்படையுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தண்ணீர்ப் பரிசோதனை உண்டு. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-ன்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களை மனுவில் போடுங்கள், மிச்சத்தை அறிக்கையே சொல்லும்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் காற்றில் நாற்றம் என்றால் மாதிரி பிடிக்க முடியாது, நேரம்தான் ஆதாரம். எத்தனை மணிக்குத் தொடங்கியது, காற்று எந்தத் திசையிலிருந்து, எத்தனை பேருக்குக் கண் எரிச்சல் அல்லது இருமல் என்று உடனுக்குடன் குறியுங்கள். மணலியில் தானியங்கிக் காற்றுக் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. காற்றின் தரத்தைக் காட்டும் சமீர் செயலியில் அந்த நேரத்து அளவைத் திரைப்பிடிப்பாக எடுத்து வையுங்கள். 24 மணி நேரச் சராசரிக்கான தேசிய வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில், பி.எம். 2.5 நுண்துகளுக்கு 60, பி.எம். 10 துகளுக்கு 100, கந்தக டை ஆக்சைடுக்கு 80 மைக்ரோகிராம். ஒரு மணி நேர அளவைக் காட்டி "வரம்பு மீறல்" என்று எழுதினால் எதிர்த்தரப்பு அதை ஒரே நிமிடத்தில் உடைத்துவிடும்.

எழுதும் முறை

தமிழிலேயே எழுதுங்கள். குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றிய, மாநில ஆட்சிகளில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350-வது பிரிவே சொல்கிறது. ஒரு மனுவுக்கு ஒரு பிரச்சினை. தண்ணீர், கொசு, தெருநாய், ரேஷன் கடை எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கினால், அதில் எளிதான ஒன்றைச் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். நீளம் ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை.

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற பழைய வடிவத்தைக் கேலி செய்யாதீர்கள். தபால் பிரிவில் இருப்பவர் "பொருள்" வரியை மட்டும் படித்துத்தான் எந்த மேசைக்கு என்று முடிவு செய்கிறார். "பொருள்: குடிநீர் தொடர்பாக" என்பது வீண். இப்படி இருக்கட்டும்:

"பொருள்: மண்டலம் 4, வார்டு …, … தெரு, கதவு எண் 12 முதல் 40 வரை குடிநீரில் கழிவுநீர் கலப்பு. பழுதான குழாயைக் கண்டறிந்து மாற்றவும், அதுவரை லாரித் தண்ணீர் வழங்கவும் கோருதல். பார்வை: புகார் எண்கள் …, நாள் …"

உள்ளே மூன்று பத்தி. நடப்பது என்ன, தேதியோடு. ஏற்கெனவே என்ன புகார் செய்தோம், என்ன பதில் வந்தது. என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில். கோரிக்கை அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு" என்று எழுதினால் "தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்றே பதில் வரும். "கதவு எண் 12-க்கும் 20-க்கும் இடையே குழாயைத் தோண்டிப் பார்த்து, சரிசெய்தபின் எடுத்த நீர் மாதிரியின் முடிவை எங்களுக்குத் தர வேண்டும்" என்றால் அப்படி நழுவ முடியாது.

திட்டாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். ஊழல் குற்றச்சாட்டு இருந்தால் அதைத் தனி மனுவாக லஞ்ச ஒழிப்புத் துறைக்குக் கொடுங்கள். குறை மனுவில் அதைக் கலந்தால், அதுவரை உதவத் தயாராக இருந்த உதவிப் பொறியாளர் (ஏ.இ.)கூடக் கோப்பைத் தொடப் பயப்படுவார்.

கையெழுத்து

ஐந்நூறு கிறுக்கல்களைவிட, கதவு எண்ணோடு முப்பது கையெழுத்து மேல். ஒவ்வொரு கையெழுத்துத் தாளின் தலையிலும் கோரிக்கை ஒரு வரியில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் "எதற்கென்று தெரியாமல் போட்டேன்" என்று ஒருவர் பின்வாங்கினால் மொத்தமும் ஆடும். வரிசை எண், பெயர், கதவு எண், கையெழுத்து அல்லது ரேகை போதும். ஆதார் நகல் தேவையே இல்லை. போன் எண்களைத் தனித்தாளில் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், மனுவோடு சேர்த்தால் அது யார் யார் கைக்கெல்லாமோ போகும். தொடர்புக்கு இரண்டு பேரின் எண் மட்டும் கொடுங்கள், அதில் ஒருவராவது பகலில் வீட்டில் இருப்பவராக இருக்கட்டும். அலுவலர் வந்து "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். மொட்டைக் கடிதம் போடுவது நேர விரயம்.

கொடுப்பதும் சீல் வாங்குவதும்

இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் அலுவலகச் சீல், தேதி, வாங்கியவர் கையொப்பம் மூன்றும் பெற வேண்டும். "வைத்துவிட்டுப் போங்க, பார்த்துக்கிறோம்" என்றால் சிரித்துக்கொண்டே நின்றுகொண்டிருங்கள். அப்படியும் தராவிட்டால் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் என்ற தனிச் சேவை 2025-ல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. கவுண்டரில் விரைவுத் தபாலுடன் பதிவு வசதியும் டெலிவரிச் சான்றும் வேண்டும் என்று கேளுங்கள்.

வரிசை இது: டெப்போ அல்லது வார்டு ஏ.இ., பிறகு பகுதிப் பொறியாளர் அல்லது மண்டல அலுவலர், பிறகு மாநகராட்சி என்றால் வடக்கு வட்டாரத் துணை ஆணையர், மெட்ரோ வாட்டர் என்றால் அதன் நிர்வாக இயக்குநர். மெட்ரோ வாட்டர் பகுதி அலுவலகங்களில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் குறைகேட்புக் கூட்டத்தை விடாதீர்கள். பொறியாளரை மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் பேச அதைவிட நல்ல நேரம் இல்லை. திங்கள்தோறும் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் ஆட்சியரின் குறைதீர்க்கும் நாள். அங்கே மனு கணினியில் ஏறி எண் கிடைக்கும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது இது நடக்காது. முதல் நாளே முதலமைச்சர் தனிப்பிரிவுக்குப் போவதில் லாபம் இல்லை. அங்கிருந்து சுற்றிவந்து அதே டெப்போ பொறியாளரின் மேசைக்குத்தான் வரும், அவர் முன்பு எழுதிய அதே பதிலோடு முடியும்.

கவுன்சிலருக்கு ஒரு நகல் கட்டாயம். வார்டில் பகுதி சபைக் கூட்டம் (அந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் சபை) நடந்தால், கோரிக்கையைப் பேசுவதோடு விடாமல் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். தீர்மான நகல் பிறகு கேட்டு வாங்கக்கூடிய ஆவணம்.

மனு பெற்ற மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு அல்லது பதில் என்று தமிழ்நாடு அரசாணைகள் சொல்கின்றன. 31-வது நாள் நினைவூட்டல் மனு. பழைய சீல் பிரதியின் நகலை இணையுங்கள், புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

பதில் வராதபோது ஆர்டிஐ

2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குறையைத் தீர்க்காது. ஆனால் கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டும், அதைத் தெரிந்துகொண்ட மனுதாரரிடம் பேச்சின் தோரணையே மாறும். தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் கட்டணம். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். விண்ணப்பம் ஒரு தனிமனிதரின் பெயரில் இருக்கட்டும், "தெரு மக்கள்" என்று போட்டால் திருப்பிவிட வாய்ப்பு உண்டு.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். அலுவலகத்தில் ஆவணமாக இருப்பதுதான் தகவல். காரணம் சொல்ல பொதுத் தகவல் அலுவலருக்குக் கடமை இல்லை. இப்படிக் கேளுங்கள்:

- … தேதியிட்ட எங்கள் மனு மீது கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல். மனு எந்தெந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது என்பதற்கான பதிவு.
- … டெப்போவில் கடந்த 6 மாதப் புகார்ப் பதிவேட்டின் நகல்.
- எங்கள் தெருவில் எடுத்த நீர் மாதிரிகளின் சோதனை முடிவுகள்.
- குழாய் மாற்ற மதிப்பீடு தயாரித்திருந்தால் அதன் நகல்.

போட்ட வேலை மோசம் என்ற புகாராக இருந்தால் பணி ஆணை, அளவுப் புத்தகம், ஒப்பந்ததாரர் பழுதுபார்க்க வேண்டிய காலம் ஆகியவற்றைக் கேளுங்கள். எம்.புக் என்று அவர்கள் சொல்லும் அந்த அளவுப் புத்தகத்தில் சாலையின் தடிமன் எட்டு செ.மீ. என்றிருக்கும் இடத்தில் நீங்கள் ஸ்கேல் வைத்து அளந்தால் விஷயம் முடிந்தது. போட்ட பொருளின் மாதிரியைக் கேட்டு வாங்கவும் சட்டத்தின் 2(ஜே) பிரிவு இடம் தருகிறது.

30 நாளில் பதில் வர வேண்டும், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில். வேறு துறையுடையது என்றால் 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். தாமதமாகத் தந்தால் நகலுக்குக் காசு கேட்க முடியாது. பதில் இல்லை அல்லது அரைகுறை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. ஆணையத்தில் இழுக்கும், அதை நம்பித் தெருவின் மற்ற வேலைகளை நிறுத்த வேண்டாம்.

அதற்கும் மேலே

தெருவுக்கே தொல்லையான விஷயத்தில் அதிகம் பேர் எட்டிப்பார்க்காத ஒரு கதவு, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன் இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133. பொதுத் தொல்லையை அகற்ற நிர்வாகத்துறை நடுவர் நிபந்தனை ஆணை போடலாம். வடசென்னைக்குத் தண்டையார்பேட்டையில் உள்ள வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு. "நிதி இல்லை" என்ற பதிலுக்கு உச்ச நீதிமன்றம் 1980-லேயே ரத்லாம் நகராட்சி வழக்கில் முற்றுப்புள்ளி வைத்தது. திறந்த சாக்கடையால் அவதிப்பட்ட மக்கள் இதே பிரிவில்தான் போனார்கள். பணம் இல்லை என்று சொல்லி நகராட்சி கடமையிலிருந்து தப்ப முடியாது என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதினார். அந்த வழக்கின் பெயரை மனுவில் ஒரு வரி சேருங்கள்.

தண்ணீர், மின்சாரம், துப்புரவு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் உண்டு. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சமரசம் ஆகாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், உதவி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ஆகவே மனுவில் முதல் கையெழுத்து ஒரு பெண்ணுடையதாக இருப்பது பின்னால் உதவும்.

ஆலை, சாம்பல், எண்ணெய், குப்பைக்கிடங்கு என்றால் சேப்பாக்கம் கலஸ் மகாலில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து 6 மாதம்தான் கெடு, தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. முதல் மனுவில் "பல வருடங்களாக" என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதியது இங்கேதான் திருப்பி அடிக்கும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும், அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோதும் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அப்படித் தானாக எடுத்த வழக்கிலும் தரப்பாகச் சேர மனு போடலாம்; சேராவிட்டால் உங்கள் நோட்டில் இருக்கும் தேதிகள் அங்கே போகாது.

உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவில் ரிட் மனு போட, முன்பு மனு கொடுத்துப் பதில் வரவில்லை என்று காட்ட வேண்டும். சீல் பிரதியின் உண்மையான விலை அங்கேதான் தெரியும். "இத்தனை வாரத்தில் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்று மட்டும் உத்தரவு வந்தால் கொண்டாடாதீர்கள். பரிசீலித்து நிராகரிக்கவும் அதில் இடம் இருக்கிறது. மனுவில் கோரிக்கை குறிப்பாக இருந்தால்தான் நிராகரிப்புக்குக் காரணம் எழுத வேண்டிவரும்.

ஆலை வரும் முன்பே

புதிய ஆலைக்கோ விரிவாக்கத்துக்கோ 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கருத்துக்கேட்புக் கூட்டம் தேவைப்பட்டால், குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழில் ஆட்சியர் அலுவலகத்திலும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலும் பார்வைக்கு இருக்கும். கூட்டத்தில் மைக் கிடைத்தால் இரண்டு நிமிடம், அதற்குள் கூச்சல் வந்துவிடும். பேசப்போவதை எழுத்தாகக் கொடுத்துச் சீல் வாங்குங்கள். பக்கம் எண் குறிப்பிட்டு அறிக்கையின் ஓட்டையைச் சுட்டுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மக்கள் சாப்பாட்டு நேரமென்று கலைந்துபோன பிறகு வாசிப்பார்கள். நாலு பேராவது கடைசிவரை உட்காருங்கள்.

சில எச்சரிக்கைகள்

மனுவில் நல்லெண்ணத்தோடு அதிகாரியிடம் ஒருவர்மீது குற்றம் சொல்வது அவதூறு ஆகாது. அதே வரியை வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு போட்டால் வழக்கு வரலாம். கூட்டமாகப் போய் மனு கொடுப்பதென்றால், சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவின்படி 5 நாள் முன்பே அனுமதி கேளுங்கள், அந்தக் கடிதத்திலும் சீல். அனுமதி இல்லாவிட்டால் ஐந்து பேர் மட்டும் உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஏ.இ. மாற்றலாகிப் போவது அடிக்கடி நடக்கும், அதோடு அவர் வாயால் சொன்ன வாக்குறுதியும் போய்விடும். ஆகவே அவர் தெருவுக்கு வந்து "அடுத்த வாரம் தோண்டுகிறோம்" என்று சொன்ன அன்றே, "தாங்கள் இன்று நேரில் ஆய்வு செய்து தெரிவித்தபடி" என்று தொடங்கி இரண்டு வரிக் கடிதம் கொடுத்து வையுங்கள். புதியவர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் தேதிவாரியான ஒரு பக்கப் பட்டியலையும் சீல் பிரதிகளின் நகலையும் கொண்டுபோய் அவர் மேசையில் வையுங்கள். அசல் எதையும் எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.